அண்டாவுக்குள் மிதந்த தாய்க்கப்பல்

கலியாணப் பேச்சு நடந்தபோது நான் சொன்ன ஒரே பொய், ஊரில் மாமில்லில் வேலை செய்தேன் என்பது. மற்றதெல்லாம் உண்மை. வயது உண்மை, டென்மார்க்கில் விசா கிடைத்தது உண்மை, முன்தலை வழுக்கை விழத் தொடங்கியதைக்கூடப் படத்தில் மறைக்காமல் அனுப்பினேன். அந்த ஒரு பொய்யை மட்டும் இருபத்தெட்டு வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். கோதுமை மா மூக்குக்குள் எப்படி ஏறும், சாக்குத் தைக்கிற மெசின் என்ன சத்தம் போடும், வேலை முடிந்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றினால் ரொட்டிக்குக் குழைத்த மாதிரி எப்படி ஒட்டும் என்றெல்லாம் மனைவிக்குக் கதை விட்டிருக்கிறேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

உண்மை வேறு. கிழக்குக் கரையில் எங்கள் ஊர்த் துறைமுகத்தில், சாம்பல் நிற ரோந்துப் படகுகளைப் பழுது பார்க்கிற தளம் ஒன்று இருந்தது. கடற்படையின் படகுகள்; அவை யார்மேல் சுட்டன என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பத்தொன்பது வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை அங்கே கிரேன்காரனுக்குக் கயிறு பிடித்தேன். காலையில் பஸ்ஸில் ஏற்றிப் போவார்கள், வாசலில் உடம்பைத் தடவிப் பார்த்து உள்ளே விடுவார்கள், பின்னேரம் கொண்டுவந்து இறக்குவார்கள். தமிழர்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். அப்பா இல்லாத வீடு, எனக்குக் கீழே மூன்று பேர், வேலை கிடைத்தது, போனேன். அந்த வயதில் அதையெல்லாம் யோசிக்கவில்லை என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்கும். யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஏறினேன்.

மனைவியிடம் ஏன் மறைத்தேன் என்றால், அவளுடைய அண்ணா. அவள் வடக்குக் கரைக்காரி, கடலுக்குப் போகிற குடும்பம். நான் தளத்தில் கயிறு பிடித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், அவளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, அவளுடைய ஒரே அண்ணா விடியற்காலை வள்ளத்தில் போனார். திரும்பி வரவில்லை. சாம்பல் படகு ஒன்று அந்தப் பக்கம் வேகமாகப் போனதைத் தூரத்தில் கண்டதாக இன்னொரு வள்ளக்காரர் சொன்னார். அவ்வளவுதான் சாட்சி. உடல் கிடைக்கவில்லை, வள்ளத்தின் பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. அவருடைய படம் எங்கள் முன் அறைச் சுவரில் இருக்கிறது. இருபத்தொரு வயது, மீசை சரியாக அரும்பவில்லை, பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் மட்டும் தெரிகிறது. நான் ஒருநாளும் மச்சான் என்று கூப்பிடாத மச்சான். அவர் கடலுக்குப் போன தை மாத நாளில் அவள் விளக்கு வைப்பாள். அன்று வீட்டில் மீன் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை கடலில் போனவர்களை நினைத்து எங்கள் ஆட்கள் மண்டபத்தில் கூடுவார்கள். நான் போய்க் கதிரை அடுக்குவேன், முடிந்த பிறகு மடித்து வைப்பேன். கதிரை அடுக்குகிறவனைப் பிடித்து வைத்து ஊரில் என்ன வேலை செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

இப்படியே போயிருக்கும். என் மகள் அந்தக் கப்பல்களைக் கண்டுபிடித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால்.

ஒரே மகள். கலியாணமாகிப் பத்து வருடம் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் இருவரும் வாய் திறந்து சொல்லாமல் முடிவெடுத்திருந்த நேரத்தில் வந்து பிறந்தவள். இங்கே பிரெடெரிசியாவில் கிம்நேசியம் என்கிற மேல்வகுப்புப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கடைசி வருடத்தில் இரண்டு பாடங்களைச் சேர்த்துப் பெரிய எழுத்துவேலை ஒன்று கொடுப்பார்கள், ஒப்கேவ என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆசிரியர்களின் முன்னால் நின்று வாயாலும் விளக்கவேண்டும். அவள் சரித்திரத்தையும் பௌதிகத்தையும் எடுத்தாள்.

"என்ன தலைப்பு பிள்ளை?" என்று கேட்டேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் டேனிஷில் தொடங்கினாள், வழமைபோல. பழைய காலத்தில் டென்மார்க்கின் போர்க்கப்பல்கள் கடல் விமானத்தை மேல்தட்டில் கட்டிக் கிறீன்லாந்துக்குக் கொண்டுபோயினவாம், கரையை மேலிருந்து படம் பிடித்து வரைபடம் போடுவதற்கு. அங்கே ஓடுபாதைக்கு எங்கே போவது? கிரேனால் விமானத்தைத் தண்ணீரில் இறக்குவார்கள். அது தண்ணீரில் ஓடிக் கிளம்பும், தண்ணீரிலேயே வந்து இறங்கும், பிறகு அதைத் தூக்கித் திரும்பவும் கப்பலில் வைக்கவேண்டும். எண்ணெய், உதிரிப்பாகம், திருத்துகிறவன், விமானிக்குப் படுக்கை, சூடான சாப்பாடு எல்லாம் கப்பலில்.

"அதுக்குப் பேர் தாய்க்கப்பல், அப்பா," என்றாள் தமிழில். "மொடஸ்கிப். விமானம் பிள்ளை, கப்பல் அம்மா."

கழற்றிய சப்பாத்தைத் திரும்பக் காலில் போடப் பார்த்தேன். ஏனென்றால் நான் கயிறு பிடித்த கிரேன் அப்படி ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையில் எங்கள் துறைமுகத்தில் பறக்கும் படகுகள் என்கிற பெரிய கடல் விமானங்கள் நின்றன, அவற்றைப் பராமரிக்கத் தாய்க்கப்பல் ஒன்று நங்கூரம் போட்டிருந்தது, அதற்குத் துணையாக மிதவையில் ஒரு கிரேன் இருந்தது. விமானமும் போய்விட்டது, கப்பலும் போய்விட்டது, கிரேனை மட்டும் கைவிட்டுவிட்டுப் போனார்கள். அதைத்தான் பிறகு சாம்பல் படகுகளின் எஞ்சினைத் தூக்க வைத்திருந்தார்கள். தளத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை இது.

"வேறை தலைப்பு ஒண்டும் இல்லையோ?" என்றேன். "காத்தாடி மின்சாரம், சோலார் எண்டு எவ்வளவு கிடக்கு."

"எல்லாரும் காத்தாடிதான் எழுதுகினம், அப்பா. எனக்கு அலுப்பு."

என்ன சொல்ல முடியும்? படிக்கிற பிள்ளையைப் படிக்காதே என்றா?

டிசம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் முன் அறையை நாசமாக்கினாள். விழாக்களுக்கு நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டாவை மனைவியைக்கொண்டு நிலவறையிலிருந்து தூக்கிவரச் செய்து, நடு அறையில் துவாய்களைப் பரப்பி அதன்மேல் வைத்து, தண்ணீர் நிரப்பினாள். பள்ளிக்கூடத் தச்சறையில் செய்த கப்பல் ஒன்று, என் முழங்கை நீளம். அதில் கம்பியால் ஒரு கிரேன், மீன் தூண்டில் நூல்தான் கயிறு. மெல்லிய பலகையில் செய்த விமானம், சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மிதவைகள். மனைவிக்கு அலை எழுப்புகிற வேலை; தோசைத் தட்டோடு தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கிரேன் கைபிடி. மகள் போனைப் பிடித்துப் படம் எடுத்தாள்.

முதலில் ஒரு வித்தை காட்டினாள். விமானம் வந்து இறங்கக் கடல் குழம்பிக் கிடந்தால் கப்பல் என்ன செய்யுமாம் என்றால், காற்றுக்குக் குறுக்காக ஒரு பெரிய வளைவு திரும்புமாம். வளைவின் உள்பக்கத்துத் தண்ணீர் கொஞ்ச நேரத்துக்கு அமுங்கிப் படுக்கும். அந்த நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடவேண்டும். மனைவி அலை எழுப்ப, மகள் கப்பலைப் பிடித்து ஒரு வளைவு தள்ளினாள். உண்மையாகவே ஒரு துண்டுத் தண்ணீர் இஸ்திரி போட்ட துணிபோல் படுத்தது.

"எடி, வடிவாய்க் கிடக்கு!" என்று மனைவி கை தட்டினாள். தோசைத் தட்டு தண்ணீருக்குள் விழுந்தது. மூவரும் சிரித்தோம். அதுதான் எங்கள் வீட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பாக நீண்ட நாள் இருந்தது.

பிறகு தூக்குகிற பாடம். அலையில் கப்பல் ஆடும், கயிற்றில் தொங்குகிற விமானமும் ஆடும். கயிற்றின் நீளத்தையும் கப்பல் ஆடுகிற வேகத்தையும் கணக்குப் போட்டு எங்கே ஆட்டம் மோசமாகும் என்று அவள் காட்டவேண்டும். முதல் தரம் தூக்கினேன். விமானம் தண்ணீரை விட்டுக் கிளம்பியதும் ஊஞ்சல் போலப் போய்க் கப்பல் பக்கத்தில் மோதியது. இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் ஒரு செட்டை உடைந்து, அவள் பசை போட்டு ஒட்டி, "இன்னொருக்கா, அப்பா," என்றாள்.

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கவேண்டும். எனக்கு ஒரு பழக்கம், பிழையாக ஒரு வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தொழிற்சாலையிலும் இதனால்தான் பலருக்கு என்னைப் பிடிக்காது.

"விசரே? ஒத்தைக் கயித்திலை தூக்கினா உப்பிடித்தான் போய் இடிக்கும்," என்றேன். "ரெண்டு பக்கத்தாலையும் கயிறு கட்டி ஆள் பிடிக்க வேணும். இஞ்சை கொண்டா."

நூல் வெட்டி, மூக்கில் ஒன்றும் வாலில் ஒன்றுமாகக் கட்டி, ஒரு நுனியை மகளிடமும் மறு நுனியை மனைவியிடமும் கொடுத்தேன். போனைப் புத்தகத் தட்டில் சாய்த்து வைத்தோம். "பள்ளத்திலை நிக்கேக்கை தூக்கக் கூடாது. அலை மேலை கொண்டு வரும், அந்த உச்சியிலை இழுக்க வேணும். இழுத்தா நிக்காமல் இழுக்க வேணும், இல்லாட்டி அடுத்த அலை வந்து கீழையிருந்து குத்தும்," என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் அலை எழுப்பினேன், மறு கையால் கைபிடியைச் சுற்றினேன். விமானம் எழும்பியது. அந்த நேரம் பார்த்து மனைவி தன் பக்கத்து நூலை வெடுக்கென்று இழுத்துவிட்டாள், விமானம் திரும்பிக் கவிழப் பார்த்தது.

"ஹெமின்! ஹெமின்! அல்லன்ன!" என்று கத்தினேன்.

மெதுவாக, மெதுவாக, பிடி. மூன்று வருடம் ஒவ்வொரு நாளும் என் காதிலும் வாயிலும் கிடந்த சொற்கள். கயிறு கையில் இருக்கும்போது எனக்கு அவை தமிழில் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நூல் தளர்ந்தது. விமானம் நேராகி, கப்பல் தட்டில் போய் அழகாக உட்கார்ந்தது. மகள் துள்ளினாள். "அப்பா! சுப்பர்! என்ன பாஷை அது?"

"சிங்களம்," என்றாள் மனைவி. என்னைப் பார்க்கவில்லை, மகளுக்குத்தான் சொன்னாள். காவலரண்களில் சோதனைக்கு நின்று நின்று கேட்ட மொழி அவளுக்கு.

நான் அவளுக்கு என்ன சொல்லி வைத்திருந்தேன் தெரியுமா? எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, மாமில்லில் எல்லாரும் தமிழர்கள்தான் என்று. எங்கள் ஊர்க்காரனுக்குக் கொஞ்சமாவது சிங்களம் தெரியாமல் இருக்காது. தெரியும் என்றே சொல்லியிருந்தால் அன்று ஒன்றும் நடந்திராது. பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்யை நிறுத்திவைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று மகள் கேட்டாள்.

"பேக்டரியிலை கிரேன் ஓட்டிறன்தானே."

"உங்கடை பேக்டரி ஆடுறேல்லையே, அப்பா."

கெட்டிக்காரி. பௌதிகம் படித்தவள். எனக்குக் கோபம் வந்தது. "படிக்கிற வேலையைப் பார். வீடெல்லாம் தண்ணி. அண்டாவைக் கழுவி வை!" என்று கத்திவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கதவை மூடும்போது மனைவி தரை துடைக்கிற துணியோடு குனிந்திருந்ததைக் கண்டேன். துறைமுகப் பக்கம் போய் இரண்டு மணி நேரம் காற்றில் நடந்தேன். நீரிணையில் ஒரு எண்ணெய்க் கப்பல் நின்றது. காது விறைத்துப்போனது. பயமாக இருந்தது, இந்த வயதில், சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போக.

திரும்பிப் போனேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்கவில்லை, திங்கள் கேட்கவில்லை. "சோறு கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ," என்றாள். வேலைக்குப் போனாள், வந்தாள், ஊரில் இருக்கிற தங்கையோடு போனில் கதைத்தாள். செவ்வாய்க்கிழமை எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, சும்மா நான்தான் மண்டையைப் போட்டு உடைக்கிறேன் என்று நினைத்தேன். முட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணி இருக்கும். மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தாள். மனைவி பலகையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் தேநீரோடு இருந்தேன்.

"அப்பா, உங்கடை ஊர்! பாருங்கோ!"

கிறீன்லாந்துக் கப்பல்களோடு ஒப்பிட வேறு இடங்களின் படங்களைத் தேடினாளாம். கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் துறைமுகம்தான், மலையின் வடிவம் போதும் எனக்கு. தண்ணீரில் பறக்கும் படகுகள் ஏழெட்டு, நடுவில் பெரிய தாய்க்கப்பல், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மிதவை. மிதவையில் கிரேன். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிய பல்சக்கரம், அதற்கு மேலே வளைந்த தகரக் கூரை. என் காலத்தில் கூரை இல்லை, அதன் நான்கு கால்கள் மட்டும் துருப்பிடித்து நின்றன.

என் விரல் தானாகப் போய்த் திரையைத் தொட்டது. "இதிலை ஒரு பல்லு உடைஞ்சு கிடந்தது," என்றேன். "ஒவ்வொரு சுத்துக்கும் டக் எண்டு ஒருக்கா உதறும். கயித்தை அதுக்கு முந்தியே இறுக்கிப் பிடிக்க வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

மகளின் கண்கள் விரிந்தன. பெருமை. ஐயோ, அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீங்கள் இதிலை வேலை செய்தனீங்களோ? இதே கிரேனிலை? அப்பா, நான் இதை எழுதப்போறன்! என்ரை டீச்சருக்கு விசர் பிடிக்கப்போகுது!"

கத்தி நின்றது. மனைவி திரும்பாமலே கேட்டாள். "மாமில்லிலை கிரேன் இருந்ததோ?"

 மகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்லை," என்றேன். "மாமில் இல்லை. நான் ஒருநாளும் மாமில்லிலை வேலை செய்யேல்லை."

சொன்னேன். பஸ்ஸையும் சொன்னேன், வாசலையும் சொன்னேன், சாம்பல் படகுகளையும் சொன்னேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வழி.

"எத்தினை வருசம்?"

"மூண்டு."

"எந்த மூண்டு?"

சொன்னேன். அவளுடைய அண்ணா கடலுக்குப் போன வருடமும் அந்த மூன்றுக்குள்ளேயே இருந்தது. அதைக் கணக்குப் பார்க்க அவளுக்கு விரல் தேவைப்படவில்லை.

"படகுகளை என்ன செய்தனீங்கள்?"

"எஞ்சினைத் தூக்கிறது. அடிப்பக்கம் சுரண்டிறது. பெயின்ற் அடிக்கிறது."

"போயிட்டு வந்த படகுகளையோ?"

"ஓம்."

"திருத்தித் திரும்ப அனுப்பினனீங்கள்."

"ஓம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டதற்கெல்லாம் மறுமொழி சொல்லியாகிவிட்டது. இன்னொன்று இருந்தது, அது என்னைத் தவிர உலகத்தில் எவனுக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் என்னோடு போய்விடும். ஆனால் இருபத்தெட்டு வருடம் நான் ஓடியது தளத்தில் வேலை செய்ததை மறைக்கவல்ல, இதை மறைக்கத்தான்.

ஒருநாள் காலையில் ஒரு படகு வந்தது. முன்பக்கம் ஒரு இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தில் வேறு பெயின்ற் தேய்ந்து ஏறியிருந்தது, மரச் சிம்புகளும் ஒட்டியிருந்தன. எங்கே மோதியது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்குதுறைக் கட்டையாக இருக்கலாம், மிதவையாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். சுரண்டச் சொன்னார்கள். இரும்புத் தகட்டால் சுரண்டினேன். பெயின்ற் செதில் கண்ணுக்குள் விழுந்தது, ஒரு சிம்பு விரலில் ஏறியது, பல்லால் பிடுங்கித் துப்பினேன். பிறகு அந்த இடத்துக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். அதற்குப் பிறகும் ஏழு மாதம் வேலைக்குப் போனேன். இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது, மற்றது எல்லாவற்றையும்விட.

மச்சானின் வள்ளம் என்ன நிறம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. படத்தில் சுண்ணாம்புச் சுவர்தான் இருக்கிறது, வள்ளம் இல்லை. மனைவி அந்த வள்ளத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்குத் தண்ணீர் விடாய்த்துவிடும், எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். என் மனைவி என்னை மனம் இளகினவன் என்று நினைத்திருந்தாள். அண்ணாவின் கதை கேட்க இவருக்குத் தாங்காது என்று தன் தங்கையிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலையில் நடந்ததையும் மேசையில் வைத்துச் சொல்லி முடித்தேன்.

"என்ன நிறம்?" என்று கேட்டாள்.

 நான் சுரண்டிய நிறம் எனக்குத் தெரியும். நகத்துக்குள் நாலு நாள் கிடந்தது. அவள் அண்ணாவின் நிறம்தான் எனக்குத் தெரியாது. ஆகவே என் வாயிலிருந்து வரப்போவது அவளை என்ன செய்யும் என்று தெரியாமலே சொன்னேன்.

"பச்சை. பச்சைக்குக் கீழை ஒரு வெள்ளைக் கோடு."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது அசையுமா என்று நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

"அம்மா," என்றாள் மகள். அவள் வீட்டுக்குள் உணர்ச்சிவசப்பட்டால் டேனிஷில்தான் கதைப்பாள். அன்று தமிழில் கேட்டாள். "மாமாவின்ரை வள்ளம் என்ன நிறம், அம்மா?"

மனைவி எழும்பிப்போய் மிச்ச லீக்ஸை வெட்டினாள்.

அன்றிலிருந்து அவள் மகளின் அறையில் படுத்தாள். என்னோடு கதைக்காமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. குப்பை வாளி நிரம்பிவிட்டது, காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றவேண்டும் என்று கதைத்தாள். வேலையும் ஓடவில்லை. ஒருநாள் கிரேனில் தொங்கிய இரும்புக்கட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற டேனிஷ்காரன் வந்து கையிலிருந்த கட்டுப்பாட்டை வாங்கி இறக்கிவைத்தான். வீட்டுக்குப் போ என்றான். வீட்டுக்குத்தான் போகமுடியவில்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஒப்கேவ கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள், மகள் எங்கள் இருவருக்கும் முன்னால் வந்து நின்றாள். படத்தையும் கிரேனையும் பற்றிய பகுதியைத் தூக்கிவிடவா என்று கேட்டாள். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிறீன்லாந்து போதும் என்றாள். குரல் உடைந்திருந்தது. பாவம், அந்தப் பகுதிதான் அவள் எழுதியதில் நல்ல பகுதி என்று எனக்குத் தெரியும்.

நான் தூக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி முந்திவிட்டாள்.

"எழுது. கொப்பா அங்கை என்ன வேலை செய்தவரோ அதை எழுது. ஆரின்ரை படகு எண்டும் எழுது. மாமில் எண்டு மட்டும் எழுதாதை."

எழுதினாள். சில வாரம் கழித்து ஆசிரியர்கள் முன்னால் நின்று விளக்கினாள், பன்னிரண்டு எடுத்தாள், அதற்கு மேலே இந்த நாட்டில் புள்ளி இல்லை. விமானம் தூக்குகிற கிரேனைப் பற்றி அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் கேட்டார்களாம். தந்தை அந்தக் கிரேனைப் பற்றி என்ன சொல்கிறார் என்றும் கேட்டார்களாம்.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"அவருக்கு அது விருப்பமில்லை எண்டு சொன்னன். ஆனா அவர் பொய் சொல்லேல்லை எண்டும் சொன்னன்." பிறகு டேனிஷில், "இந்த முறை," என்று சேர்த்தாள்.

தை மாதம் வந்தது. மச்சான் போன நாள். மனைவி படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தாள். மரக்கறிச் சோறு, மூன்று தட்டு. மற்ற வருடங்களில் இந்த நேரம் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இந்த வருடம் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு மாதத்துக்கு மேலாக நித்திரை இல்லை. தெரிந்துவிட்டால் போதும், எதுவாக இருந்தாலும் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். அவள் ஓம் என்று சொன்னால் காலில் விழுவேன். இல்லை என்று சொன்னால் அன்றைக்காவது நித்திரை கொள்வேன்.

"பச்சையோ?" என்று கேட்டேன். "அண்ணாவின்ரை வள்ளம் பச்சையோ? எனக்குச் சொல்லும்."

அவள் திரியைத் தூண்டிவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"இருபத்தெட்டு வருசம் நீங்கள் சொல்லேல்லை," என்றாள். "நான் எப்ப சொல்லுறது, சொல்லுறதோ இல்லையோ எண்டு நான்தான் முடிவெடுப்பன். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதல் அகப்பைச் சோற்றை எனக்குத்தான் போட்டாள்.